பால் காய்ச்சும் நேரம்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ராத்திரியோடு ராத்திரியாக வாசல் கேட்டில் ஒரு அட்டையைக் கட்டிவிட்டு வந்து படுத்தாள் அல்லவா தேவகுமாரி? இந்த வாரம் நாயுடுபுரத்தில் வேறு பேச்சே இல்லை.

'மாடி வாடகைக்கு. மதியம் முதல் இரவு வரை இரண்டரை வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு வாடகை பாதி.'

சைவமா, குடும்பமா, என்ன வேலை என்று எழுதிய போர்டை ஊர் பார்த்திருக்கிறது. இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "வீட்டுக்கு ஆள் தேடுறியா, ஆயாவுக்கு வீடு தேடுறியா?" என்று எதிர்வீட்டுப் பாப்பம்மாள் வாசலில் நின்று கேட்டாள்.

"ரெண்டுந்தான்க்கா. உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் இருந்தா சொல்லுங்க," என்றாள் தேவகுமாரி.

அவள் அட்டை கட்டியது வீம்புக்கு அல்ல. மகள் தர்ஷினியை விட்டு வந்த கிரீச்சில் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். அதுகூடப் போகட்டும். ஐந்து மணிக்கு மேல் பிள்ளை அங்கே இருந்தால் மணிக்கு மணி தனிக் காசு. ஞாயிறு கிடையாது, சீசன் நாள் கிடையாது. கொடைக்கானலில் சீசன் நாளில் வேலை இல்லாதவர் யார் என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

ஏரிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் நிற்பவள் தேவகுமாரி. நாளை முதல் அவள் சூப்பர்வைசர். பகல் இரண்டு மணிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. "பிள்ளைக்கு ஆள் ஏற்பாடு பண்ணிட்டு வாங்க. முடியலைன்னா சொல்லிடுங்க, வேற ஆள் இருக்காங்க," என்று மேனேஜர் சிரித்த முகமாகவே சொல்லிவிட்டார். ஆறு வருடம் நின்ற காலுக்கு வந்த பதவி அது.

கணவன் பிரதீப் ஜீப் ஓட்டுகிறான். சவாரி கிடைத்தால் இருட்டிய பிறகுதான் வருவான். மாமியார் வேலம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மாமனார் வேலுசாமி பூண்டியில், மூத்த மகன் குமாரோடு, பூண்டுத் தோட்டத்தை விட்டு அசைய மாட்டேன் என்கிறார். மனை அவர் பேரில் இருந்தாலும் மாடி கட்டியது தேவகுமாரியின் சம்பளத்தில் எடுத்த லோனில்தான். அது இன்னும் அவள் சம்பளத்தில்தான் கழிகிறது.

இன்று ஞாயிறு, அவளுக்கு வார விடுமுறை. ஆனி மாதத்தின் கடைசி நாளும்கூட. நாளை ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு எவரும் புது வீட்டுக்குக் குடி போக மாட்டார்கள். அதனால் காலையிலிருந்தே ஆட்கள் வரிசையாக வந்தார்கள்.

முதலில் சென்னையிலிருந்து வந்த முகேஷும் அவன் மனைவியும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை.

"கிட்ஸ்னா எங்களுக்கு உயிர், ஆன்ட்டி," என்றான் முகேஷ்.

முப்பத்தோரு வயதில் ஆன்ட்டி ஆனதை தேவகுமாரி பொறுத்துக்கொண்டாள். அவன் மனைவி தர்ஷினியை மடியில் வைத்து வளைத்து வளைத்துப் படம் எடுத்தாள். படம் எடுத்து முடிந்ததும் பிள்ளை தானாக இறங்கி நடந்தது. ஈரத் தரையில் வழுக்கி, முகேஷின் லேப்டாப் பைமேல் பொத்தென்று விழுந்தது. முகேஷ் பதறிப்போய்த் தூக்கினான். பையை.

"போயிட்டு வாங்க தம்பி," என்றாள் தேவகுமாரி.

அடுத்து வந்தவர் சுவாமிநாதன். ரிட்டயர் ஆகிக் குளிர்ச்சிக்காக மலையேறியவர். மாடியைப் பார்க்கும் முன்பே உட்கார்ந்துகொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"இதே ஊருதான் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"எங்க மாமனாரு சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்தவரு."

"ஓ, சிலோன்காரங்களா." அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, அதுல என்ன ஆளுக?"

"வாடகைக்கு வீடு விடுற ஆளுக சார். நீங்க வாடகைக்கு வீடு தேடுற ஆளுக. அதுக்கு மேல நமக்குள்ள ஒண்ணும் இல்ல. உங்க குடை கதவுக்குப் பின்னாடி இருக்கு."

அவர் போன வேகத்தில் குடையை விரிக்கவும் மறந்து நனைந்துகொண்டே போனார். தேவகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. இப்படியே ஒவ்வொருவராகத் துரத்தினால் நாளைக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது?

மூன்றாவதாக வந்தவள் தமயந்தி.

நாற்பதைத் தாண்டியவள். புடவை ஓரம் நனைந்திருந்தது. பழனிக்காரி. மூஞ்சிக்கல்லில் பெண்கள் விடுதியில் தங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். விடுதியில் மிஷின் சத்தம் ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம்.

தர்ஷினியை அவள் கொஞ்சவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. தேவகுமாரி கொடுத்த டீயைப் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். தர்ஷினி மெதுவாக முக்காலியை நெருங்கிக் கையை நீட்டியது. தமயந்தி பேச்சை நிறுத்தாமல், அந்தப் பக்கம் திரும்பாமல், டம்ளரை எடுத்து ஜன்னல் மேட்டில் வைத்தாள். முக்காலியில் தன் சாவிக்கொத்தை வைத்தாள். பிள்ளை அதை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தது.

தேவகுமாரி அதைப் பார்த்தாள். வந்தவர்களிடம் அவள் கேட்க நினைத்திருந்த கேள்விகளில் பாதி அந்த இடத்திலேயே தேவையில்லாமல் போயிற்று.

"தனியாவா இருக்கப் போறீங்க?"

"தனியாத்தாங்க. மக திண்டுக்கல்ல காலேஜ் படிக்குறா, லீவுக்கு வருவா. அந்தத் தனியாங்குற வார்த்தையக் கேட்டதும் எத்தன வீட்ல கதவச் சாத்துனாங்கன்னு நான் எண்ணுறத விட்டுட்டேன்."

"வீட்டுக்காரரு?"

"பழனில இருக்காரு. சாமி கும்பிட வர்றவங்க தங்குற லாட்ஜு அவங்க குடும்பத்துது. அங்க வந்தவங்க போனவங்க எல்லாருக்கும் எடம் இருந்துச்சு. எனக்குத்தான் இல்ல. வெளிய வந்துட்டேன்." அழுகையோ ஆத்திரமோ இல்லாமல் சொன்னாள். "இப்ப நான் நாலு கேள்வி கேக்கலாங்களா?"

தேவகுமாரி விழித்தாள். ரிசப்ஷன் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

"உங்க வீட்டுக்காரரு குடிப்பாரா?"

"இல்ல."

"படிக்கட்டு லைட்டு எரியுமா?"

"எரியும்."

"என் கதவுக்கு இன்னொரு சாவி யாருட்ட இருக்கும்?"

"எங்ககிட்டத்தான். அந்தா, ஆணில தொங்குது." திரும்பிப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது.

"சரி, தேடிப் பாருங்க. கடைசியா ஒண்ணு. வாடகை பாதின்னு எழுதியிருக்கீங்க. அது எனக்கு வேணாங்க."

"ஏன்? பிள்ளைய பாத்துக்க முடியாதா?"

"பிள்ளைய பாத்துக்குறேன். வாடகைய முழுசா வாங்கிக்கங்க. பிள்ளைய பாக்குறதுக்கு உண்டான சம்பளத்தத் தனியா என் கையில குடுங்க."

"இந்தக் கையில வாங்கி அந்தக் கையில குடுக்குறது. ரெண்டும் ஒண்ணுதானங்க?"

"ஒண்ணு இல்லங்க. ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டா, நான் ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்தா வீடும் போயிரும். நாளைக்கு உங்களுக்கு என்னையப் புடிக்காமப் போயி வேலைக்கு வேணாம்னு சொன்னாலும், அன்னைக்கே நான் மிஷினத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிக்கணும். வேலை வேற, வீடு வேற. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கணும்."

சுருக்கென்றது தேவகுமாரிக்கு. ஊரே சிரித்தாலும் பரவாயில்லை என்று தானே யோசித்துத் தானே எழுதின அட்டை. அதில் ஒருத்தி வந்து ஓட்டை கண்டுபிடிக்கிறாள். நான் என்ன அப்படிப்பட்டவளா என்று கேட்க வார்த்தை வாய் வரை வந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் வெடுக்கென்று. "இருங்க, முதல்ல சாவி எங்கன்னு பாக்குறேன்."

பிரதீப் வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, மாடி சாவி எங்க?"

அவன் ஏற்கெனவே துடைத்த பம்பரை மறுபடி துடைத்தான்.

"உங்களத்தான்."

"அண்ணன்ட்ட இருக்கு."

"எதுக்கு?"

"அது வந்து... அண்ணன் ஒரு பார்ட்டி பாத்திருக்கு. பழனில சேனாதிபதின்னு. மாடிய ஹோம்ஸ்டேக்கு எடுக்குறாரு. மாசாமாசம் நல்ல வாடகை. இன்னைக்கு மூணே காலுல இருந்து நாலே கால் வரைக்கும் நல்ல நேரம், வந்து பால் காய்ச்சுறாங்க. நாளைக்கு ஆடி பொறந்துருதுல்ல."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"புதங்கெழம."

"இன்னைக்கு ஞாயிறு."

"உன்ட்டச் சொன்னா சண்ட போடுவ."

"அதனால பால் பொங்குன பெறகு சொல்லலாம்னு இருந்தீங்க!"

தூறல் விழுந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாளும் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அட்டை கட்டியதைப் பார்த்துக்கொண்டு, வந்தவர்களுக்கு டீ போட்டதையும் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறான். தேவகுமாரிக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

உள்ளேயிருந்த தமயந்திக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். சாவிக்கொத்தைப் பிள்ளையிடமிருந்து பக்குவமாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். "நீங்க உங்களுக்குள்ள பேசி முடிங்க. என் நம்பர் உங்க போன்ல இருக்கு," என்று சொல்லிக் குடையை விரித்தாள்.

சொன்ன நேரத்துக்குக் குமாரின் வண்டி வந்து நின்றது. குமார் இறங்கினான். கூடவே வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதியுடன் சேனாதிபதி. வண்டியிலிருந்து புது ஸ்டவ், புதுப் பாத்திரம், பால் பாக்கெட், மஞ்சள் குங்குமம், ஒரு முருகன் படம் எல்லாம் இறங்கின.

மாடிப்படி வீட்டுக்கு வெளிப்பக்கம், ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். அந்தப் படியில் நடுவாக உட்கார்ந்திருந்தாள் தேவகுமாரி. மடியில் தர்ஷினி. கையில் தயிர்சோற்றுக் கிண்ணம்.

"வாங்க அத்தான்," என்றாள். எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா நட வழியில ஒக்காந்திருக்க? கொஞ்சம் எந்திரி. நேரம் ஆகுது."

"பிள்ளைக்குச் சோறு ஊட்டுறேன் அத்தான்."

"உள்ள போயி ஊட்டேன்."

"இன்னைக்கு இங்கதான் சாப்புடுவேன்னு அடம் புடிக்குது."

பிள்ளை அடம் எதுவும் பிடிக்கவில்லை. அது பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தது.

குமார் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தம்பியைப் படிக்க வைத்தவன். ஜீப் வாங்க முன்பணம் கட்டியவன். கொடுத்ததெல்லாம் தன் சொல்லுக்கு விலை என்று நினைக்கிற மூத்தவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. இந்த வீட்டுக்கு அவன்.

"தேவி, உன் நல்லதுக்குத்தான் பண்றேன்," என்று குரலை இறக்கினான். "நீ பாதி வாடகைக்கு விடுறேன்னு போர்டு மாட்டி ஊரே சிரிப்பா சிரிக்குது. இவரு குடுக்குற வாடகைல பிள்ளைய இருக்குறதுலயே நல்ல கிரீச்சுல போடலாம். கணக்குப் பண்ணிப் பாரு."

"பண்ணிட்டேன் அத்தான். நல்ல கிரீச்செல்லாம் அஞ்சு மணிக்கே பூட்டுது. அஞ்சுல இருந்து பிள்ள எங்க இருக்கும்? மாடில கூத்தடிக்குறவங்க கூடவா?" பிறகு சேனாதிபதியைப் பார்த்தாள். "ஐயா, மேல யாரு தங்குவாங்க?"

"டூரிஸ்ட்டுதாம்மா. பசங்க வருவாங்க, போவாங்க."

"எந்தப் பசங்க?"

"அது எப்படிம்மா முன்கூட்டிச் சொல்றது?"

"நான் ஹோட்டல்ல இருக்கேங்க. ஒரு ராத்திரி தங்குறவங்களையே அடையாள அட்டை பாக்காம நாங்க உள்ள விடுறதில்ல. என் பிள்ள தலைக்கு மேல வருசம் பூராவும் யாரு யாரோ இருப்பாங்க, யாருன்னு நீங்க சொல்ல மாட்டீங்க. வீட்ட ரூமா விடுறதுக்கு அனுமதி வாங்கியாச்சா? இல்லாம விட்டுச் சீல் வச்சா பூட்டு என் வீட்டுக்குத்தான்."

சேனாதிபதி குமாரைப் பார்த்தார். "வீட்டுல எல்லாருக்கும் சம்மதம்னு சொன்னியேப்பா?"

"சம்மதந்தான், சம்மதந்தான். ஏலே பிரதீப்! உன் பொண்டாட்டிய எந்திரிக்கச் சொல்லு."

பிரதீப் ஜீப்பைவிட்டு நகர்ந்து வந்தான். எதிர்வீட்டில் பாப்பம்மாள் காயாத துணியைக் கொடியில் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காட்சியைத் தவறவிட்டாலும் அவளுக்குத் தூக்கம் வராது.

"தேவி," என்றான் பிரதீப்.

"சொல்லுங்க."

அவன் கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தான்.

"நீங்க கேக்காட்டியும் நானே சொல்றேன்," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கு நல்ல நேரமும் தெரியாது, கெட்ட நேரமும் தெரியாது. எங்க ஆளுக தேயிலைத் தோட்டத்து லயத்துல ஆனி ஆடி பாத்தாக் குடி போனாங்க? கங்காணி எந்த அறையக் காட்டுனாரோ அன்னைக்கே சட்டிபானையத் தூக்கிட்டுப் போனாங்க. ஆனா ஐயாவுக்கு நல்ல நேரம் முக்கியம். அது நாலே காலுக்கு முடியுது. அதுவரைக்கும் நான் இந்தப் படிய விட்டு எந்திரிக்க மாட்டேன். பால் காய்ச்சியே ஆகணும்னா எங்க ரெண்டு பேரையும் தாண்டிப் போயிக் காய்ச்சுங்க."

சொல்லி முடித்துவிட்டுப் பிள்ளைக்கு அடுத்த வாயை ஊட்டினாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் அத்தான் முன்னால் இவ்வளவு பேசியதில்லை.

ஆனால் அவளை உலுக்கியது பயம் அல்ல, அவள் வாயிலிருந்தே வந்த லயம் என்ற சொல். மாமனார் அடிக்கடி சொல்லுவார். தோட்டத்தில் வேலைப் பட்டியலிலிருந்து பேர் வெட்டினால் அன்றைக்கே லயத்து அறையையும் விட வேண்டும், வேலை போன ஆளுக்குக் கூரையும் போகும், அதனால்தான் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை என்று. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த குடும்பம் இது. அந்த வீட்டு மருமகள் அதே முடிச்சைப் போட்டு, பாதி வாடகை என்று தங்க முலாம் பூசி, கேட்டில் தொங்கவிட்டிருக்கிறாள். தமயந்தி லயத்தைப் பார்த்ததே இல்லை. இருந்தும் பார்த்த மாத்திரத்தில் முடிச்சைக் கண்டுபிடித்துவிட்டாள்.

தேவகுமாரிக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள்.

தூறல் வலுத்தது. குமார் கத்தினான். கெஞ்சினான். "அப்பா காதுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா?" என்று பயமுறுத்தினான். ஒரு கட்டத்தில் படியில் கால் வைத்தான். அப்போது பிரதீப் நகர்ந்தான். அண்ணனைத் தடுக்கவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. தேவகுமாரிக்குக் கீழே இருந்த படியில் போய் உட்கார்ந்தான். இப்போது சுவரோடு ஒட்டினாலும் வழி இல்லை.

"தள்ளி ஒக்காருங்க. என் சேலைய மிதிக்குறீங்க," என்றாள் அவள். கீழ்ப் படியில் ஒரு தடவை உட்கார்ந்ததற்காகப் புதன்கிழமையிலிருந்து மூடின வாயை மன்னித்துவிட முடியுமா?

சேனாதிபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கடைசியில் ஸ்டவ்வைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார்.

"குமாரு, நான் முருகனக் கும்புடுறவன். பொம்பளையும் பிள்ளையும் வழியில ஒக்காந்திருக்கத் தாண்டிப் போயி ஏத்துன அடுப்பு வெளங்குமா? நாலரைக்கு ராகு காலம் வேற. உன் வீட்டுச் சோலிய முதல்ல முடி. நான் ஆவணில வேற எடம் பாத்துக்கிறேன்."

குமார் மாடி சாவியைத் தம்பியின் காலடியில் எறிந்தான். "அண்ணன் தேவையில்லாமப் போயிட்டேன்ல? இந்த வீட்டுக்கு அப்பான்னு ஒருத்தர் இருக்காரு. அவரு வந்து பேசுவாரு." வண்டிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

தேவகுமாரி எழுந்தாள். கால் மரத்திருந்தது. பிள்ளையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு நேராகப் போனை எடுத்தாள்.

"அக்கா, நான் தேவகுமாரி. நீங்க கேட்டது சரிதான். முழு வாடகையும் வாங்கிக்கிறேன். சம்பளம் தனி. காய்ச்சல் வந்தா லீவு. ஆள் வேணாம்னு நான் சொன்னாலும் வீடு உங்களுதுதான். வர்றீங்களா?"

அப்போதுதான் தேவகுமாரிக்கு உறைத்தது. தமயந்தியும் பழனிக்காரிதான். நல்ல நேரம் முடிந்துவிட்டது. நாளைக்கு ஆடி. சேனாதிபதியை விரட்டிய அதே கட்டை தன் காலையும் இப்போது தட்டிவிடும் போல இருந்தது.

"அக்கா, நான் ஒரு கிறுக்கி. நல்ல நேரம் முடியட்டும்னு நானே ஒக்காந்திருந்தேன். இப்ப ராகு காலமாம். உங்களுக்கு மனசுக்கு ஒப்பலைன்னா..."

தமயந்தி சிரித்தாள். அன்று முதல் தடவையாக.

"எனக்கு மூணு சோசியரு பாத்துக் குறிச்சுக் குடுத்த நல்ல நேரத்துலதாங்க தாலி கட்டுனாங்க. இருங்க, ஆட்டோ புடிச்சு வெரசா வர்றேன். பால் மட்டும் நான்தான் வாங்கிட்டு வருவேன்."

அரை மணியில் வந்துவிட்டாள். கையில் பால், ஒரு சின்னப் பாத்திரம். தையல் மிஷின் நாளைக்கு வெள்ளனே வருமாம். தேவகுமாரி தன் அடுப்பை மாடிக்குத் தூக்கினாள். பாப்பம்மாள் துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, "ராகு காலத்துலயா?" என்று மூச்சுவிடாமல் கேட்டாள். "ஆமாக்கா, நீங்களும் ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க," என்றாள் தமயந்தி.

பால் கொதித்து ஓரத்தில் நுரை கட்டியது. தர்ஷினி கிட்டப் போகாதபடி தமயந்தி அதன் சட்டையை ஒரு விரலால் பிடித்திருந்தாள்.

பிரதீப்பின் போன் அடித்தது. 'அப்பா' என்று வந்தது. அவன் மனைவியைப் பார்த்தான்.

"எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் அவள்.

"ஏலே பிரதீப்," பூண்டியிலிருந்து வேலுசாமியின் குரல் கரகரத்தது. "குமாரு போன்ல எல்லாம் சொன்னான். சண்ட வேணாம். மாடிய யாருக்கும் விட வேணாம். நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு நான் பொட்டி படுக்கையோட வர்றேன். இனிமே மாடில நான்தான் இருக்கப் போறேன்."

தமயந்தி மெல்ல அடுப்பின் திருகைத் தொட்டாள். அணைத்துவிட்டுப் போய்விடத்தான் கை வைத்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டுப் பழகினவள்.

தேவகுமாரி அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

பிரதீப் தொண்டையைச் செருமினான். "அப்பா," என்றான். அண்ணனுக்கு முன்னால் வராத குரல் இப்போது வந்தது. "பால் காய்ச்சியாச்சுப்பா."

"யாருக்குடா? யாரக் கேட்டு?"

கணவன் கையிலிருந்து போனை வாங்கினாள் தேவகுமாரி.

"நாந்தான் மாமா. நீங்க தாராளமா வாங்க, உங்க பேத்தி உங்களத் தேடுது. கீழ எங்க ரூம உங்களுக்கு ஒழிச்சுத் தர்றோம், நாங்க நடையில படுத்துக்கிறோம். ஆனா மாடிக்கு ஆள் வந்தாச்சு. வேலை போனா வீடும் போகும்னு நீங்கதான எங்களுக்குச் சொல்லிச் சொல்லி அழுதீங்க? அந்த மாதிரி ஒருத்தர வெளிய போகச் சொல்ல என்னால முடியாது. நீங்க சொன்னாலும் முடியாது மாமா."

வேலுசாமி வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

பால் பொங்கி வழிந்தது.